வரப்புப் புல்லைக் காய்ச்சிய தண்ணீர்

திருநள்ளாறு
ஐப்பசி 12, புதன்கிழமை

அன்பு மகள் தேவிகாவுக்கு உன் அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்காலையும் என்னுடைய பயத்தையும் சேர்க்காவிட்டால். நீ அங்கே குவாஹாத்தியில் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறேன். நாள் தவறாமல் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. சொல்ல வாயெடுத்தால் உன் அம்மா பக்கத்தில் நிற்கிறாள், அவள் இல்லாத நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் லீவு முடிந்து ராணுவத்துக்குத் திரும்புகிற உன் மாமா மகன் ஜெயபிரகாஷ் கையில் பாட்டில்களோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்து முடிக்கும் வரை பாட்டில் எதையும் திறக்காதே.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தது, ஆனால் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் அதற்கும் களைப்பாகிவிட்டது, நடவு பத்து நாள் தள்ளிப் போனது. இப்போது மழை பிடித்துக்கொண்டது. கடலில் காற்றழுத்தம் என்று டிவியில் சொல்கிற ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போய் வடிகாலைப் பார்த்துவிட்டு வருகிறேன், உன் அம்மா நீங்கள் பார்த்தால் மட்டும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடுமா என்று கேட்கிறாள். அவள் முழங்காலுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன், அதைத் தேய்க்காமல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு நீ வராததால் அதிரசம் சுடவில்லை, எண்ணெய் தேய்த்துக் குளித்ததோடு சரி. நீ அங்கே தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, வீடியோவில் பார்த்தால் முடியெல்லாம் பரட்டையாக இருக்கிறது. மழைக் காலத்தில் ஈரத் தலையோடு லேபுக்குப் போகாதே. சனிக்கிழமையானால் நம் தெருவில் நடக்க வழியில்லை, எந்தெந்த ஊரிலிருந்தோ சனியைத் தொலைக்க வருகிறார்கள், தொலைத்துவிட்டுப் போவதெல்லாம் நம் வீட்டு வாசலில்தான் கிடக்கிறதோ என்று இந்த ஒன்றரை மாதமாக எனக்குச் சந்தேகம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு நீ வந்தபோது மேலக்குளத்துத் தண்ணீரை எடுத்து, ஆராய்ந்து, உன் ஆராய்ச்சிக்கு வேண்டிய பிராணிகளை மட்டும் பொறுக்கி, கொஞ்சத்தை நீ கொண்டுபோய், மீதியை மூன்று காப்பித்தூள் பாட்டிலில் விட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாய். அப்போது நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படியே மனதில் இருக்கிறது. பாரமீசியம் என்பது ஒரே ஒரு செல்லால் ஆன உயிர், அதன் வயிற்றுக்குள் பச்சைப் பாசி குடியிருக்கிறது, பாசி வெயிலைப் பிடித்துச் சமைத்துப் போடுகிறது, இது அதற்கு இடம் கொடுத்து வெளிச்சம் இருக்கும் பக்கமாகத் தூக்கிக்கொண்டு போகிறது என்றாய். வாடகை கொடுக்கிற குடித்தனக்காரர் மாதிரி என்று நான் சொன்னேன், நீ சிரித்தாய். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வைக்கோலை ஊறவைத்துக் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டி இரண்டு கரண்டி ஊற்றுங்கள் என்றாய். ஒன்றரை வருஷம் ஒரு தடவை தவறாமல் ஊற்றினேன். உன் அம்மா அதற்கு வைக்கோல் கஷாயம் என்று பெயர் வைத்தாள், உங்கள் மகளுக்குக்கூட நீங்கள் இப்படி மருந்து காய்ச்சிக் கொடுத்ததில்லை என்று குத்திக்காட்டினாள். ஒரு பாட்டிலை மட்டும் அவள் அடுப்படி ஜன்னலுக்குக் கொண்டுபோய்விட்டாள். “இது எங்கிட்ட இருக்கட்டும், இதுல நீங்க கை வெக்காதீங்க” என்றாள். அவள் கஷாயம் ஊற்றுவதும் உண்டு, மறப்பதும் உண்டு.

ஆவணிக் கடைசியில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மாட்டைக் கொடுத்த பிறகு வீட்டில் வைக்கோல் போர் கிடையாது என்று உனக்குத் தெரியும். அறுத்த வயலிலேயே மெஷின் வந்து உருட்டிக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, கொல்லையில் ஒரு பிடிகூட மிஞ்சவில்லை. ஊற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது. வயலுக்குப் போனேன், வரப்பில் புல் நன்றாகக் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. காய்ந்த புல்லும் வைக்கோலும் ஒன்றுதானே என்று ஒரு கை பறித்து வந்து ஊறவைத்துக் காய்ச்சி என் பொறுப்பில் இருந்த இரண்டு பாட்டிலிலும் ஊற்றினேன். அந்தப் புல் ஏன் காய்ந்தது என்று நான் யோசிக்கவில்லை. பத்து நாளைக்கு முன் நடவுக்காக வரப்பைச் சுத்தம் செய்ய, அதன் மேல் களைக்கொல்லி அடித்ததே நான்தான். தோளில் டேங்கைச் சுமந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தவன் நான். நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவன், நடவுக் காலத்தில் பச்சையாக இருக்க வேண்டிய வரப்பு பொன்னாக இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும்.

நாலாம் நாள் பாட்டில்கள் வெளுக்க ஆரம்பித்தன. வெயில் போதவில்லை என்று நினைத்து இடம் மாற்றி வைத்தேன். ஒரு வாரத்தில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மறுநாள், புரட்டாசி முதல் சனிக்கிழமை, நீ போன் செய்தாய். உங்கள் லேபில் குளுமையாக வைக்கிற பெட்டி விடுமுறையில் பழுதாகி எல்லாம் வெந்துபோய்விட்டது என்று அழுதாய். “நம்ம ஜன்னல்ல இருக்குறதுதாம்பா பாக்கி, மார்கழிக்குள்ள அத வெச்சு வேலய முடிக்கலன்னா நாலு வருஷமும் வீணாப்போயிடும், பத்திரமா இருக்குல்ல” என்று கேட்டாய். நான் எதிரே வெளுத்துப் போன இரண்டு பாட்டிலையும் பார்த்துக்கொண்டே, பத்திரமா இருக்கும்மா, நீ கவலப்படாத என்று சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. எனக்கு அவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

குளத்துக்கு ஓடினேன். போன கோடையில் மேலக்குளத்தை இறைத்துத் தூர் வாரிக் கரை கட்டினார்கள் அல்லவா, இப்போது இருப்பது புதுத் தண்ணீர். நாலு மூலையிலும் எடுத்துக்கொண்டு உன் பழைய டீச்சர் கமருன்னிசாவிடம் போனேன். ஸ்கூல் லேபில் உட்காரவைத்து ஒவ்வொரு சொட்டாகப் பார்த்தார், குளத்துத் தண்ணீரில் உன்னுடையது ஒன்றுகூட இல்லை. பிறகு வெளுத்த பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை வைத்துப் பார்த்தவர், “அண்ணே, பதறாதீங்க, உசுரோடதான் இருக்கு” என்று என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். செருப்பு அச்சில் ஏழெட்டு, கண்ணாடியில் செய்த மாதிரி, வெள்ளை வெளேரென்று ஓடிக்கொண்டிருந்தன. மருந்து பச்சையைத்தான் கொன்றிருக்கிறது, வீட்டுக்காரனை விட்டுவிட்டது. குடித்தனக்காரர் செத்துப்போய் வெறும் வீடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. உன் அம்மா வைத்திருந்த பாட்டிலில் பச்சை இருந்தது, ஆனால் அவள் மறதியில் பட்டினி கிடந்து எண்ணிக்கை ரொம்பக் குறைந்து போயிருந்தது, ஒரு சொட்டுக்கு ஒன்று இருந்தால் அதிகம்.

டீச்சர்தான் வழி சொன்னார். பச்சையாக இருப்பதில் கொஞ்சத்தை நசுக்கினால் உள்ளே இருக்கிற பாசி மணி மணியாக வெளியே வரும், அதை வெளுத்த இரண்டில் ஒரு பாட்டில் வெள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம், இரை என்று நினைத்து விழுங்கும், விழுங்கினதில் ஏதாவது உள்ளே தங்கினாலும் தங்கும் என்றார். தங்காவிட்டால் என்று கேட்டேன். இருக்கிற பச்சையும் கொஞ்சம் போய்விடும் என்றார். நாற்றங்காலில் எல்லா நாற்றையும் பறித்து நட்டுவிட மாட்டோம், மூலையில் கொஞ்சம் விட்டுவைப்போம், நட்டது அழுகினால் அந்த இடத்தில் மறுபடி நட. அதை நினைத்துக்கொண்டு, பாதியை எடுங்க டீச்சர், பாதி அப்படியே இருக்கட்டும் என்றேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சனிக்கிழமை சொன்ன பொய் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. அது இரண்டாவது தப்பு.

அன்று நான் பார்த்ததை நீ ஆயிரம் தடவை பார்த்திருப்பாய், ஆனாலும் எழுதுகிறேன். பச்சை மணிகள் மிதந்து வந்ததும் வெள்ளைகள் வாயைத் திறந்து மளமளவென்று வாரி விழுங்கின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் பச்சைப் பச்சையாகப் பொட்டலம். எனக்கு வந்த சந்தோஷத்தில் டீச்சரின் கையைப் பிடிக்கப் போனேன். அவர் “இருங்கண்ணே” என்றார். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பச்சை பழுப்பாகிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டலம், அடுத்தது, அதற்கடுத்தது. செரித்துக்கொண்டிருக்கிறது, சோறு மாதிரி சாப்பிட்டுவிட்டது என்றார். உன் நாலு வருஷத்தை நானே ஊட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் எல்லாம் பழுப்பாகாது, ஒன்றிரண்டு மணி அந்தச் செரிக்கிற நீருக்கும் அசராமல் அப்படியே நிற்கும், அது பொட்டலத்திலிருந்து தனியாகப் பிரிந்து, தனக்கென்று ஒரு மெல்லிய உறையோடு ஓரத்துக்குப் போய்த் தோலுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒட்டிக்கொண்டதை அப்புறம் வீட்டுக்காரன் செரிப்பதில்லை, அங்கே இருந்தபடியே அது பெருகும் என்று விளக்கினார். ஒரே மாதிரி மணிதானே, ஒன்று ஏன் சோறாகிறது, இன்னொன்று ஏன் குடியிருக்கிறது என்று கேட்டேன். “அதத்தாண்ணே உங்க பொண்ணு நாலு வருஷமா தேடிக்கிட்டிருக்கா” என்றார். நீ என்ன படிக்கிறாய் என்று ஊரில் யார் கேட்டாலும் விஞ்ஞானம் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன் தேவிகா. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

மறுநாள் பார்த்தால் தங்கியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றார். மறுநாள் ஆயுதபூஜை. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, உலக உருண்டைக்கும் தராசுக்கும் நடுவில் பூஜையில் வைத்து லேபைப் பூட்டிவிட்டார்கள். கொலுவீற்றிருக்கும் சரஸ்வதியிடம் போய், தாயே உன் கண்ணைக் கொஞ்சம் கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்க முடியுமா. பாட்டிலை வீட்டு ஜன்னலில் வைத்துக்கொண்டு வெறும் கண்ணால் முறைத்தபடி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கொண்டைக்கடலை சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டுப் போன உன் அம்மா, திரும்பி வந்தபோது அது அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

விஜயதசமியன்று சின்னப் பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளியைத் திறந்தார்கள். நெல்லில் அ எழுதுகிற பிள்ளைகளின் அழுகைச் சத்தத்துக்கு நடுவில் டீச்சர் மாலையை எடுத்துவிட்டு மைக்ராஸ்கோப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். முதல் சொட்டில் எல்லாம் வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவது சொட்டைப் பார்த்துவிட்டு டீச்சர் எழுந்து எனக்கு இடம் விட்டார். ஒரு பிராணியின் ஓரத்தில், தோலை ஒட்டி, ஒரே ஒரு பச்சை மணி இருந்தது. பக்கத்தில் இன்னொன்றில் இரண்டு. நான் அழுதேன் என்று டீச்சர் உன்னிடம் சொல்வார், அது உண்மைதான். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் போய்ப் பார்த்தோம், ஒன்று நாலாகி, நாலு நாற்பதாகி, தீபாவளிக்குள் அந்தப் பாட்டில் நீ விட்டுப்போன நாளில் இருந்த மாதிரியே பச்சையாகிவிட்டது. உன் அம்மாவின் பாட்டிலில் தொடாமல் விட்ட பாதியும் நல்ல வைக்கோல் தண்ணீரில் தேறிப் பெருகிவிட்டது. வைக்கோலுக்கு இந்தத் தடவை கோட்டுச்சேரிப் பக்கம் வரை போய், மருந்து படாத வயல் என்று கேட்டு, சத்தியம் வாங்காத குறையாக வாங்கி வந்தேன்.

இங்கேதான் எனக்கும் உன் அம்மாவுக்கும் தகராறு. “எல்லாம் பச்சையாத்தானே இருக்கு, ஒண்ணா ஊத்திக் குடுத்தனுப்புங்க, புள்ளைக்குத் தெரியவா போவுது, ஏற்கெனவே அழுதுகிட்டிருக்கா” என்றாள். அவள் சொல்வதும் தப்பில்லை, பெற்ற மனசு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டீச்சருக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நீ எழுதப்போவது எந்தப் பாசி எப்படி உள்ளே வந்தது என்கிற கதை. அதில் நான் ஊற்றின கஷாயமும் நசுக்கின பாதியும் உனக்குத் தெரியாமல் கலந்திருந்தால், நீ எழுதுகிற ஒவ்வொரு வரியும் என் பொய்யின் மேல் நிற்கும். அதனால் மூன்று பாட்டிலாகவே அனுப்புகிறேன். கழுத்தில் சிவப்பு நூல் கட்டினது உன் அம்மா வைத்திருந்தது, பாதியை எடுத்தது போக நீ விட்டுப்போனபடியே இருப்பது, மருந்து படாதது. மஞ்சள் நூல் கட்டினது ஒரு தடவை வெளுத்துப்போய் மறுபடி பச்சையானது. நூல் கட்டாதது இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது, உசுரோடு இருக்கிறது, அதைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. எந்தக் களைக்கொல்லி, எந்தத் தேதி, எவ்வளவு ஊற்றினேன் என்பதெல்லாம் பின்னால் தனித் தாளில் இருக்கிறது. சிவப்பு நூல் மட்டும் போதுமா, மற்றது குப்பைக்கா என்று நீதான் சொல்ல வேண்டும். உன் வேலை கெட்டுப்போயிருந்தால் அதை என்னிடம் நேராகச் சொல், அம்மாவிடம் சொல்லி எனக்குச் சொல்லாதே.

ஜெயபிரகாஷிடம் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பகலில் பாட்டிலை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டு, நேர் வெயிலில் வைக்காதே, மூடியை இறுக்காதே, கேட்கிறவர்களுக்குக் கோயில் தீர்த்தம் என்று சொல்லிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். துப்பாக்கி தூக்குகிறவன் மூன்று நாள் மூன்று பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், வந்தவுடன் அவனுக்கு வயிறாரச் சோறு போடு. பையில் பருப்புப் பொடி இருக்கிறது, நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறது, அம்மா தைத்த இரண்டு ஜாக்கெட் இருக்கிறது, போன அளவிலேயே தைத்திருக்கிறாள், தளர்ந்து இருந்தால் அவளிடம் சொல்லாதே.

உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த அறிவும் கிடைக்க வேண்டும், எடுத்த காரியம் முடிந்து நீ நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். கடைசியாக ஒன்று. அன்றைக்கு நான் வெளுத்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டே பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அந்தக் குரல் எனக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். நீ தினமும் போனில் நான் நல்லா இருக்கேம்பா என்கிறாயே, அதே குரல். அதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது. அவ்வளவு தூரத்து ஊர் உன்னை விழுங்கி நாலு வருஷமாகிறது. நீ ஓரமாகவாவது ஒட்டிக்கொண்டாயா, உனக்கென்று ஒரு உறை இருக்கிறதா, வீடியோவில் பார்த்தால் அப்பாவுக்குத் தெரியவில்லை. அதனால் பாட்டில் வந்து சேர்ந்ததும் போன் செய்து, நல்லா இருக்கேன் என்று சொல்லாதே. நீ இப்போது எந்தப் பாட்டில் மாதிரி இருக்கிறாய், சிவப்பா, மஞ்சளா, நூல் இல்லையா, அதை மட்டும் சொல். அம்மா பக்கத்தில் நின்றாலும் பாட்டிலைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வாள். நூல் இல்லை என்று சொன்னால் நான் காரணம் எதுவும் கேட்க மாட்டேன். சென்னைக்கு அந்தப் பக்கம் நான் போனதில்லை, ஆனால் அங்கே வர எந்த ரயில், எங்கே மாற வேண்டும் என்று ஜெயபிரகாஷிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும் அப்பா,
சுப்பையன்